ஐந்தாம் கதவை மூடியவர்

கருங்குடத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் மண்டை மாற்றும் நாள்.

பயந்துவிட வேண்டாம். மாற்றுவது மண்டையை அல்ல, காதுக்குப் பின்னால் எலும்புக்குள் பதித்திருக்கும் நினைவுச்சில்லை. ஆனாலும் ஊர்ப்பேச்சில் "மண்டை மாத்தப் போறேன்" என்றுதான் சொல்வார்கள். எழுபதை எட்டியவர்கள் அன்று தலையில் எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு, மாற்றகத்து வாசலில் வரிசைச்சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். கூட வந்தவர்கள் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவருவார்கள். பழைய சில்லில் இருக்கும் ஐம்பது அறுபது வருஷத்து வாழ்க்கையைப் புதிய சில்லில் எழுதி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். எழுதி முடித்ததும் நல்ல பசி எடுக்கும். ஏன் என்று எந்த மருத்துவருக்கும் இன்றுவரை தெரியாது.

கருங்குடம் இருப்பது சீரிஸ் என்ற குறுங்கோளில். அங்கே ஒரு பெரிய பள்ளத்துக்குள் குகைவழிகள் குடைந்து இரண்டாயிரம் பேர் வாழ்கிறார்கள். வெளியே காற்று கிடையாது. உள்ளே இருக்கும் காற்றெல்லாம் கதவுகளின் தயவில்தான் நிற்கிறது. அதனால் அந்த ஊரில் பிள்ளைகள் "அம்மா" என்று சொல்லப் பழகும்போதே "கதவை மூடு" என்றும் சொல்லப் பழகிவிடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சீட்டு எண் ஏழு இசக்கியம்மாளிடமும், எட்டு அவள் கணவர் தவசிமுத்துவிடமும் இருந்தன. தவசிமுத்து சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார்.

"மண்டை மாத்த வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?" என்றாள் இசக்கியம்மாள்.

"இன்னைக்கு என் நினைவுக்கு முத்திரை விழுது இசக்கி. சும்மாவா?"

சும்மா இல்லைதான். வருகிற வெள்ளிக்கிழமையோடு ஐந்தாம் கதவுக்கு ஐம்பது வருஷம் நிறைகிறது. ஐம்பது வருஷத்துக்கு முன், சித்திரை பதினொன்றாம் தேதி காலையில், ஐந்தாம் குகைவழியின் சுவர் பிளந்தது. அதை அடுத்திருந்த கீரைக்கூடத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நடுவில் இருந்த கதவை யாரோ மூடினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். அந்தக் காலத்துக் கதவில் பதிவுக்கருவி கிடையாது. மூடியது தான்தான் என்று தவசிமுத்து சொன்னார். தான்தான் என்று பிச்சைக்கண்ணு என்றொருவரும் சொன்னார். பாதி ஊர் இவரை நம்பியது, பாதி ஊர் அவரை. போதாக்குறைக்கு, பின்னாளில் தவசிமுத்துவின் மகளைப் பிச்சைக்கண்ணுவின் மகன் விரும்பிக் கட்டிக்கொள்ள, இரண்டு பேரும் சம்பந்திகளாகவும் ஆகிவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு கதையும், மற்ற நாட்களில் இன்னொரு கதையும் கேட்டு வளர்ந்தன.

இப்போது ஊர்மன்றம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஐம்பதாம் ஆண்டு விழாவில் கதவின் மேல் ஒரு பெயரைப் பொறிக்கப் போகிறார்கள். ஆனால் வாய்ச்சொல் செல்லாது. சில்லு மாற்றும்போது முத்திரை சரியாக விழுந்த நினைவு யாரிடம் இருக்கிறதோ அவர் பெயர். யாரிடமும் இல்லை என்றால், "தானாக மூடிக்கொண்டது" என்று பொறித்துவிடுவார்கள்.

தவசிமுத்துவுக்கு எழுபத்திரண்டு வயது. அந்த ஒரு வரி கதவில் ஏறினால் தன் வாழ்க்கையில் மிச்சம் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

முதலில் இசக்கியம்மாள் உள்ளே போனாள். மாற்றகத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் ரோஸ்லின் அவளைச் சாய்வுநாற்காலியில் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் மரத்துப்போகும் மருந்தைத் தடவினாள்.

"வலிக்காது. பேசிக்கிட்டே இருக்கலாம்மா."

"அதுக்கு ஒண்ணும் குறையில்ல," என்றார் வாசலில் நின்ற தவசிமுத்து.

இந்த இடத்தில் எழுதும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நடந்தது விளங்காமல் போய்விடக் கூடாது. சில்லு நம் நினைவை ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி வைக்கும். முதன்முதலில் வைக்கும்போதே ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எட்டு எழுத்து நீளத்தில் ஒரு வாலை ஒட்டிவிடும். வாலில் மூன்று குறிகள். ஒன்று சாரக்குறி. துண்டில் உள்ள அத்தனையையும் ஒரு சூத்திரத்தில் போட்டுப் பிழிந்தால் கிடைக்கும் எண் அது. துண்டில் ஒரு புள்ளி மாறினாலும் எண் வேறாக வரும். இன்னொன்று இடக்குறி, இந்தத் துண்டு எத்தனையாவது இடத்தில் இருக்க வேண்டும் என்பது. மற்றது ஆள்குறி, இது யாருடையது என்பது.

புதிய சில்லுக்கு எழுதும்போது, பழையதிலிருந்து எடுக்கும் முனை வாலைச் சரிபார்க்கும். ஏந்திப்போகும் கம்பி நடுவழியில் ஒருமுறை பார்க்கும். எழுதப்போகும் கருவியான பதிப்பான், எழுதுவதற்கு முந்தைய நொடியில் இன்னொரு முறை பார்க்கும். மூன்றும் தலையாட்டினால்தான் எழுத்து; முத்திரை விழுவது என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஒன்று மறுத்தாலும் துண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்பீர்கள். முதல் தலைமுறைக் கருவிகள் கொடுத்ததையெல்லாம் கேள்வி கேட்காமல் எழுதின. தவறு எழுதும்போது தெரியாது. பத்து வருஷம் கழித்துப் படிக்கும்போதுதான் தெரியும். இடம் மாறி எழுதியதில், ஒருவர் நடக்கப் பழகுவதற்கு முன்பே பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஆள் மாறி எழுதியதில், ஒரு சாதுவான மனிதர் பக்கத்து வீட்டுக்காரரின் மாமியாரை நினைத்து வருஷக்கணக்கில் பொருமிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான், சந்தேகம் இருந்தால் எழுதாதே, வாய்விட்டுச் சொல் என்று பதிப்பானுக்குச் சொல்லிவைத்தார்கள்.

"ஏற்றேன்... ஏற்றேன்... ஏற்றேன்..." என்று பதிப்பான் ஆயிரம் துண்டுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே போனது. இசக்கியம்மாளுக்குத் தூக்கம் சொக்கியது. திடீரென்று, "ஏற்கவில்லை," என்றது.

"என்ன அது?"

ரோஸ்லின் திரையைப் பார்த்தாள். "உங்க கல்யாணம். உங்க சின்ன நாத்தனார் பந்தியில ஏதோ சொல்லியிருக்காங்க."

"ஏதோவா? 'பொண்ணு கறுப்பா இருந்தாலும் சாம்பார் நல்லாயிருக்கு'ன்னு சொன்னா! எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் இதை!"

"அதாம்மா விஷயம். வேணும்னா வெள்ளை வால் போட்டுக் குடுக்கிறேன்."

வெள்ளை வால் என்பது குறிகளே இல்லாத வால். அதைப் பார்த்தால் எந்தக் கருவியும் கேள்வி கேட்காமல் எழுதிவிடும். நினைவு உங்களுடனேயே இருக்கும். ஆனால் மன்றத்தில் சாட்சிக்குச் செல்லாது. கருங்குடத்தில் வெள்ளை வால் இல்லாத தலை கிடையாது.

"போடு, போடு. அவ சொன்னதுக்கு எனக்கு மன்றமா வேணும்?" என்றாள் இசக்கியம்மாள்.

பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு முடிந்தது. பசியோடு இறங்கி, தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டு மூலையில் உட்கார்ந்தாள். தவசிமுத்து ஏறி உட்கார்ந்தார். அதே நேரம் பக்கத்து நாற்காலிக்கு ஒரு ஆள் வந்தார். அவர் சட்டையும் மடிப்புக் கலையாமல்தான் இருந்தது.

"வாங்க சம்பந்தி," என்றார் தவசிமுத்து. "வெறுங்கையோட திரும்பிப் போகப் போறீங்களேன்னு வருத்தமா இருக்கு."

"எனக்கும் அதே வருத்தம்தான் சம்பந்தி," என்றார் பிச்சைக்கண்ணு. "பொறிக்கிற ஆள்கிட்ட என் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லிட்டேன். 'க்' விட்டுறப் போறான்."

"தங்கச்சி, என்ன சாப்பாடு?" என்று பிச்சைக்கண்ணு மூலையைப் பார்த்துக் கேட்டார்.

"புளிச்சோறு அண்ணாச்சி. ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிச்சிட்டு வாங்க."

இரண்டு பதிப்பான்களும் மாறி மாறி ஏற்றேன், ஏற்றேன் என்றன. இரண்டு கிழவர்களும் கண்ணை மூடிக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி விரல்களை மடக்கி வைத்திருந்தார்கள். தவசிமுத்துவின் இருபத்திரண்டாம் வயது வந்தது. சித்திரை வந்தது. பதினொன்றாம் தேதி காலை வந்தது.

"ஏற்கவில்லை."

தவசிமுத்து கண்ணைத் திறந்தார். "கருவியில கோளாறு. இன்னொருதடவை போடும்மா."

ரோஸ்லின் இன்னொரு தடவை போட்டாள். இன்னொரு தடவை. கம்பியை மாற்றிப் போட்டாள்.

"ஏற்கவில்லை."

பிச்சைக்கண்ணு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அது வெளியே வருவதற்குள் அவர் தலைமாட்டிலிருந்தும் குரல் வந்தது: "ஏற்கவில்லை."

"ஏய்! இவர் பக்கத்துல உக்காந்ததுனால என்னுதும் கெட்டுப்போச்சு!" என்று கத்தினார் அவர்.

"அது என்ன தொத்து வியாதியா ஐயா?" என்றாள் ரோஸ்லின். இருவருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "வால் பொய் சொல்லாது. வால் ஒட்டின அன்னைக்கு இருந்த துண்டு இது இல்ல. அவ்வளவுதான்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?" தவசிமுத்து நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். "கைப்பிடி சில்லுன்னு இருந்தது. காத்து ஆளையே தூக்குச்சு. உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம் சொட்டுச்சு. எனக்கு இப்பவும் அப்படியே தெரியுது!"

"அப்படியேதான் தெரியும் ஐயா. எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க?"

அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்தில். கல்யாண வீடுகளில். மகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, மகளின் தோழிகளுக்கு, மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு.

சில்லுக்கு எல்லா ஒழுங்கும் உண்டு, மூளைக்குத்தான் கிடையாது. நாம் ஒன்றை நினைக்கும்போது மூளை அந்தத் துண்டை வெளியே எடுக்கிறது, சொல்கிறது, கேட்பவர் முகத்தைப் பார்க்கிறது, எந்த இடத்தில் கண் விரிந்ததோ அந்த இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பி வைக்கிறது. வாலை மாற்றி ஒட்டுவதில்லை. நீங்களும் நானும் பேருந்தைத் தவறவிட்ட கதையைச் சொல்லும்போது பேருந்தை இரண்டடி பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவோமே, அதே வேலைதான். ஐம்பது வருஷத்தில் தவசிமுத்துவின் துண்டில் காற்று புயலாகியிருந்தது. கையில் சிராய்ப்பு ஏற்பட்டதா, அதுவும் பின்னால் வந்ததா என்று அவரே சொல்ல முடியாது.

"அன்னைக்கு நிஜமா என்ன இருந்ததுன்னு அந்த வாலு சொல்லாதா?" என்று கேட்டார் பிச்சைக்கண்ணு.

"சொல்லாது. 'இது அது இல்ல'ன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். அது எதுன்னு தெரியாது."

"அப்ப இவருக்கு எதுதான் பிசகாம இருக்கு?" என்று மூலையிலிருந்து இசக்கியம்மாள் கேட்டாள்.

ரோஸ்லின் திரையில் விரலை ஓட்டினாள். "மின்தூக்கியில போனது எல்லாம் பத்திரம். வரிசையில நின்னது. பல் விளக்கினது. அப்புறம்..." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க இவர்கிட்ட பேசினது எல்லாம் சுத்தமா இருக்கும்மா. அடுப்படிக் குழாய் ஒழுகுதுன்னு முப்பத்தொரு வருஷமா சொல்லியிருக்கீங்க. ஒரு எழுத்து மாறல. இவர் ஒரு தடவைகூட எடுத்துப் பாக்கல."

பிச்சைக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தார். தவசிமுத்துகூட ஒரு நொடி தன் கவலையை மறந்து மனைவியைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க அண்ணாச்சி, உங்களைப் பத்தி எங்க மதினியைக் கேட்டா தெரியும்," என்றாள் அவள்.

சிரிப்பு அடங்கியதும் அறையில் அந்த ஒரு வரி மட்டும் மிஞ்சியது. தானாக மூடிக்கொண்டது.

"சம்பந்தி," என்றார் தவசிமுத்து மெல்ல. "உங்க பேரைப் போட்டாக்கூட நான் தாங்கிக்கிட்டிருப்பேன். ஒரு மனுஷன் மூடினான்னாவது இருந்திருக்கும்."

"நானும்தான். தாங்கியிருக்க மாட்டேன், ஆனாலும் தாங்கியிருப்பேன்."

ரோஸ்லினுக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் தலையில் ஒரு யோசனையும் ஓடியது. "ஐயா, அன்னைக்கு அந்தக் கதவுப் பக்கம் வேற யாராவது போயிருந்தாங்களா? கதை கிதை சொல்லாத ஆள்? அவங்க துண்டு கெடாம இருக்கும்."

இருவரும் யோசித்தார்கள். அவன் செத்துப்போனான், இவள் பூமிக்குப் போய்விட்டாள் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

"நான் கீரைக்கூடத்துச் சமையக்கட்டுலதான வேலை பாத்தேன்," என்றாள் இசக்கியம்மாள், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே. "அந்த வழியாத்தான் தினமும் மாவு கொண்டாருவேன். ஆனா எனக்கு ஒண்ணும் நினைவில்ல."

"நினைவில்லாததுதாம்மா நல்லது! பாக்கட்டுமா?"

"பாரேன். என்கிட்ட என்ன ஒளிவு மறைவு."

இடக்குறியை வைத்துத் தேட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சித்திரை பதினொன்று காலை, ஆயிரத்து நானூறு துண்டுகள், எல்லாம் ஏற்கப்பட்டவை. ரோஸ்லின் அதைச் சுவரில் ஓடவிட்டாள்.

இருபது வயது இசக்கியின் கண்வழியே ஐந்தாம் குகைவழி தெரிந்தது. சாம்பல் நிற வேலை உடுப்பின் கைகள். இரண்டு கைகளிலும் பாசிமாவு டப்பா. கதவு பாதி திறந்திருந்தது. அவள் அதைத் தாண்டி கீரைக்கூடத்துப் பக்கம் வந்தாள். கணுக்காலில் ஏதோ சில்லென்றது. "எந்த மூதேவி இதைத் திறந்து போட்டுட்டுப் போனது," என்று இளங்குரல் முணுமுணுத்தது. திரும்பி நின்று, கை காலியாக இல்லாததால், இடுப்பால் ஒரு இடி. டக். கதவு மூடிக்கொண்டது. டப்பாவின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அவள் சமையற்கட்டுக்குப் போய்விட்டாள்.

மொத்தம் பதினோரு நொடி. நான்கு நிமிஷம் கழித்துத்தான் சுவர் முழுசாகப் பிளந்தது. சங்கு அலறியது, விளக்குகள் அணைந்தன. சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்த அவள் கண்ணில், இருட்டில் இரண்டு இளைஞர்கள் ஓடிவந்து, ஏற்கனவே மூடியிருந்த கதவின் கைப்பிடியில் ஆளுக்கொரு பக்கம் தொங்கி உயிரைக் கொடுத்து அமுக்குவது மங்கலாகத் தெரிந்தது.

சுவர் வெறுமையானது. 

"நம்ம ரெண்டு பேரும் மூடின கதவைத்தான் மூடியிருக்கோம்," என்றார் பிச்சைக்கண்ணு.

தவசிமுத்து மனைவியைப் பார்த்தார். "கதவை மூடின பையன்னுதான உங்கப்பா எனக்குப் பொண்ணு குடுத்தாரு."

இசக்கியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "இப்ப என்ன, திருப்பிக் கேக்கவா போறாரு? அமுக்கினீங்கல்ல? ஓடிப்போகாம வந்து அமுக்கினீங்கல்ல? அது போதும். வாங்க, சோறு ஆறுது." அப்புறம் ரோஸ்லினிடம், "எனக்கெதுக்கும்மா பேரு கீரு. வேண்டாம்," என்றாள்.

"உங்க பேரு போடலைன்னா 'தானாக மூடிக்கொண்டது'ன்னு போட்டுருவாங்க அம்மா."

"தானாவா?" இசக்கியம்மாளின் முகம் மாறியது. "நான் இடுப்பு நோக இடிச்சிருக்கேன், தானாவாம்! போடு என் பேரை."

வெள்ளிக்கிழமை ஐந்தாம் கதவுக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் உயிரோடு இருப்பவர்கள் முன்வரிசையில், அவர்களுடைய பிள்ளைகள் பின்னால், அவர்களுடைய பிள்ளைகள் தரையில். பொறிக்கும் ஆள் தகட்டில் "இசக்கியம்மாள்" என்று வெட்டி முடித்துத் தூசியை ஊதினான். அவளை மேடையேற்றி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

"ரெண்டு கையிலயும் டப்பா," என்றாள் இசக்கியம்மாள். "கதவு திறந்து கிடந்தது. இடுப்பால தள்ளினேன். மூடிக்கிச்சு."

கூட்டம் காத்திருந்தது. அவள் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவரின் முகம், தான் உயிர் பிழைத்தது இவ்வளவு சாதாரணமான விஷயமா என்று வாடிப்போனது.

"அக்கா, காத்து இழுக்கலையா?" என்று பள்ளிக்கூடத்து ஆசிரியை கேட்டாள்.

இசக்கியம்மாள் அந்தப் பெரியவரைப் பார்த்தாள். "காத்தா... கால்ல கொஞ்சம் சில்லுன்னு..." என்று இழுத்தாள். பெரியவர் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினார். "இழுத்துச்சு. இழுக்காம என்ன? சேலையைப் பிடிச்சு இழுத்துச்சு!"

தரையிலிருந்த பிள்ளைகள் நகர்ந்து முன்னால் வந்தார்கள்.

"சேலையா?" என்று தவசிமுத்து சம்பந்தியின் காதைக் கடித்தார். "வேலை உடுப்புல்ல போட்டிருந்தா. நாமதான பாத்தோம்!"

"சும்மா இருங்க சம்பந்தி. இப்பத்தான் நல்லாயிருக்கு."

"ஒரு தடவை தள்ளினேன், மூடல," என்றாள் இசக்கியம்மாள். அவள் குரல் இப்போது மேடைக்குப் பழகிவிட்டது. "ரெண்டாந்தடவை தள்ளினேன், காத்து என்னையே திருப்பித் தள்ளுது. உள்ளே பிள்ளைங்க பாட்டுப் படிக்கிற சத்தம் கேக்குது. ஐயோ, இத்தனை உசுரும்னு நினைச்சேன் பாருங்க..."

நிறுத்தினாள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முன்வரிசைப் பெரியவர் கண்ணைத் துடைத்தார். அவர் முகத்தில் இப்போது உயிர் பிழைத்தவனின் பெருமை திரும்பியிருந்தது.

தவசிமுத்துவால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார்.

"அப்ப பின்னாடி நின்னு, 'விடாத, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு சொன்னது யாருன்னு கேளுங்க!"

இரண்டாயிரம் தலைகளும் இசக்கியம்மாளை நோக்கித் திரும்பின. அவள் தன் கணவரைப் பார்த்தாள். சலவை மடிப்புக் கலையாத சட்டை. மேலே தூக்கிய கை. ஐம்பது வருஷம்.

"ஆமா," என்றாள். "இவங்கதான்."

"கையிலிருந்த டப்பாவை ஓடிவந்து வாங்கினது?" என்று பிச்சைக்கண்ணுவும் எழுந்தார்.

"நீங்கதான் அண்ணாச்சி. நல்லவேளை வந்தீங்க."

கைதட்டலில் குகைவழியே அதிர்ந்தது. பொறிக்கும் ஆள் உளியைப் பைக்குள் வைக்கப் போனவன், மறுபடி வெளியே எடுத்து, தகட்டைக் கண்ணால் அளந்தான். இசக்கியம்மாளின் பெயருக்குக் கீழே இன்னும் நிறைய இடம் இருந்தது.